வாங்கிய விலையா, இன்றைய விலையா?

கடையில் ஒரு சரக்கு தேங்கிக் கிடக்கிறது. பத்தாயிரம் ரூபாவுக்கு வாங்கியது. இன்று ஏழாயிரத்துக்கு மேல் கேட்பார் இல்லை. "வாங்கின விலையாவது வரட்டும், அப்போது தருகிறேன்" என்கிறார் முதலாளி. ஆறு மாதம் போகிறது. இப்போது ஐயாயிரத்துக்கும் ஆள் இல்லை. ஏழாயிரம் கையில் வந்திருந்தால் அந்த ஆறு மாதத்தில் வேறு சரக்கு எடுத்து இரண்டு மூன்று முறை புரட்டியிருக்கலாம். அதுவும் போயிற்று.

இக்காட்சியைக் காணாத கடைத்தெரு நமது நாட்டில் இல்லை. காணியிலும் இதே கதைதான், கம்பனிப் பங்குகளிலும் இதே கதைதான். இதில் பிழை எங்கே இருக்கிறது? சந்தையிலா, முதலாளியின் மனதிலா?

இதே கேள்வியை நமது நாட்டு முதலீட்டாளர்களிடமே கேட்டு விடை தேடியவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நிதி முகாமைத்துவத் துறையைச் சேர்ந்த பேராசிரியர் லிங்கேசியா கெங்காதரன். நிதித்துறை ஆய்வு என்றால் நியூயோர்க், லண்டன் என்று நினைத்துப் பழகிய நமக்கு, திருநெல்வேலியில் இருந்து வந்த இவருடைய ஆய்வுகள் அறிய வேண்டியவை.

பரமேஸ்வராவில் இருந்து பங்குச் சந்தை வரை

சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த திருநெல்வேலி வளவில், 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. யுத்தம், இடப்பெயர்வு, மின்சாரமில்லாத இரவுகள், மூடப்பட்ட பாதைகள் எல்லாவற்றையும் கடந்து வந்த அந்நிறுவனத்தில் முகாமைத்துவக் கல்வியும் வளர்ந்தது. அதன் ஒரு கிளையாகவே நிதி முகாமைத்துவம் இன்று தனித் துறையாக இயங்குகிறது.

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. கொழும்பு பங்குச் சந்தை அதன் பிறகு எப்படிப் பாய்ந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். 2008 முடிவில் ஏறத்தாழ 1,500 புள்ளிகளில் இருந்த அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், 2009 முடிவில் 3,385ஐயும் 2010 முடிவில் 6,635ஐயும் எட்டியது. இரண்டே ஆண்டுகளில் நான்கு மடங்குக்கும் மேல்! 2010இல் பங்குச் சந்தையின் கிளை யாழ்ப்பாணத்திலும் திறக்கப்பட்டது. அதுவரை தங்கம், காணி, சீட்டு, வங்கி வைப்பு என்று மட்டும் சேமித்த குடும்பங்களுக்கு ஒரு புதிய வாசல் திறந்தது.

2011 பெப்ரவரியில் சுட்டெண் 7,800ஐத் தாண்டி உச்சம் தொட்டது. பிறகு இறங்கத் தொடங்கியது. 2012 முடிவில் 5,643. பழைய உச்சத்தை அது மீண்டும் கடந்தது 2021 ஜனவரியில்தான். உச்சத்தில் வாங்கி, "வாங்கின விலை வரட்டும்" என்று சந்தையோடு சேர்ந்து காத்திருந்தவர் பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் ரூபாவின் பெறுமதி எவ்வளவு கரைந்தது என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

முதலீட்டாளரின் மனம்

சந்தை ஏறி இறங்கிய சூடு ஆறுவதற்குள், 2014இல், லிங்கேசியா கெங்காதரனும் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நவநீதகிருஷ்ணன் கெங்காதரனும் இணைந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று சர்வதேச ஆய்விதழில் வெளியானது. கொழும்பு பங்குச் சந்தையின் தனிநபர் முதலீட்டாளர்கள் எப்படித் தீர்மானம் எடுக்கிறார்கள், அத்தீர்மானம் அவர்களுக்கு என்ன பலனைத் தருகிறது என்பதே அதன் பொருள். வெளிநாட்டு ஆய்வாளர்கள் பலர் பின்னர் எடுத்துக்காட்டிய கட்டுரை அது.

பழைய பொருளாதாரப் பாடநூல்கள் மனிதனை ஒரு கணிப்பொறியாகவே கருதின. எல்லாத் தகவலையும் எடைபோட்டு இலாபமானதை மட்டும் தெரிவு செய்வான் என்றன. டானியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தை அசைத்தது. நூறு ரூபா கிடைக்கும் மகிழ்ச்சியை விட நூறு ரூபா இழக்கும் வேதனை பெரிது, ஏறத்தாழ இரு மடங்கு பெரிது என்பது அவ்வழியில் வந்த ஆய்வுகளின் முடிவு. 2002இல் கானமனுக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர் பொருளாதாரம் படித்தவர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

யாழ்ப்பாண ஆய்வாளர்கள் இந்தச் சிந்தனையை நமது மண்ணில் வைத்துச் சோதித்தார்கள். பிறரைப் பார்த்து நடக்கும் மந்தைப் போக்கு, குறுக்குவழிக் கணிப்புகள், இழப்பைக் கண்டு அஞ்சும் மனம், சந்தை நிலவரம் ஆகிய நான்கு வகைக் காரணிகள் நமது முதலீட்டாளர்களை இயக்குகின்றன என்று கண்டார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றின் தாக்கம் நடுத்தரமானது. ஆனால் ஒன்றின் தாக்கம் மட்டும் உயர்ந்து நின்றது. அதுதான் நங்கூரமிடல்.

கப்பல் நங்கூரம் போட்டால் அந்த இடத்தைச் சுற்றியே ஆடும். அதுபோல மனம் ஒரு விலையில் நங்கூரம் போட்டுவிடுகிறது. வாங்கிய விலை, போன வருட விலை, பக்கத்துக் கடைக்காரர் சொன்ன விலை என்று அது எதுவாகவும் இருக்கலாம். பிறகு வரும் எல்லாக் கணக்கையும் அந்த ஒரு எண்ணைச் சுற்றியே போடுகிறோம். சந்தைக்கோ நாம் வாங்கிய விலை தெரியாது. தெரிந்தாலும் அதற்குக் கவலையில்லை.

ஆய்வின் இன்னொரு முடிவும் கவனிக்கத்தக்கது. தன் திறமை மீது அளவுக்கு மீறிய நம்பிக்கை வைத்தவர்களின் முதலீட்டுப் பலன் குறைந்தே காணப்பட்டது. ஏறும் சந்தையில் எல்லோரும் கெட்டிக்காரர்தான். இறங்கும்போதுதான் யார் கெட்டிக்காரர் என்பது தெரியும்.

எந்தப் பங்கை வாங்குவது என்பதில் பிறரைப் பின்பற்றுவது குறைவு என்றும் அதே ஆய்வு கூறுகிறது. இங்கே நாம் சற்று யோசிக்க வேண்டும். இது வினாக்கொத்து மூலம் செய்த ஆய்வு. தன்னைப் பற்றித் தானே பதில் சொல்லும்போது, "நான் ஊரைப் பார்த்து வாங்கினேன்" என்று ஒப்புக்கொள்பவர் எத்தனை பேர்?

டொலர் சொன்ன பாடம்

பங்குச் சந்தைப் பக்கமே போகாதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் தொடக்கம் வரை டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது. மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. நூறு டொலருக்கு இறக்கிய பெட்டி ஒன்று கடைக்கு 20,000 ரூபாவுக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதை 24,000க்கு விற்றவர் 4,000 இலாபம் என்று நினைத்தார். அடுத்த பெட்டிக்குப் போனபோது 36,000 கேட்டார்கள். கையில் இருந்ததோ 24,000. இலாபத்தோடு விற்றும் முதல் கரைந்தது!

பழைய சரக்கை எவ்வளவுக்கு விற்பது நியாயம் என்பது தனிக் கேள்வி. தட்டுப்பாட்டைச் சாட்டி மக்களைப் பிழிவதை யாரும் ஏற்க முடியாது. ஆனால் அடுத்த கொள்முதலுக்கு என்ன தேவை என்று அறியாமல் பழைய விலையிலேயே நின்றவர்களின் இறாக்கைகள் அந்த ஆண்டில் காலியாயின. அவர்களை இழுத்துப் பிடித்ததும் அதே நங்கூரம்தான்.

எதில் போடுவது, யாருடைய பணத்தில் போடுவது

பேராசிரியர் லிங்கேசியாவின் மற்றொரு ஆய்வுத் துறை, நீண்டகால முதலீட்டைத் தெரிவு செய்யும் முறைகள். புதிய இயந்திரம் வாங்கலாமா, இரண்டாவது கிளை திறக்கலாமா போன்ற தீர்மானங்கள் இவை. உலகெங்கும் இருபது ஆண்டுகளில் இது பற்றி எழுதப்பட்டவற்றைத் திரட்டி, ஆராயப்படாமல் விடுபட்டவை எவை என்று காட்டும் கட்டுரையை அவர் 2016இல் வெளியிட்டார்.

இதில் எளிய முறை ஒன்று நமது முன்னோருக்கும் தெரிந்ததுதான்: போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும்? பத்து இலட்சம் போட்டு வருடத்துக்கு இரண்டு இலட்சம் மிஞ்சினால் ஐந்து வருடம். ஆனால் ஐந்து வருடம் கழித்து வரும் இரண்டு இலட்சம் இன்றைய இரண்டு இலட்சம் அல்ல. அதைக் கழித்துப் பார்க்கும் கணக்கையும் நவீன முறைகள் சேர்த்துக்கொள்கின்றன. 2022இன் விலைவாசியைக் கண்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பணம் யாருடையது என்ற கேள்விக்கு அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் வேல்நம்பி, அலோய் நிரேஷுடன் சேர்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வு உதவுகிறது. இலங்கையின் பத்து வங்கிகளை 2002 முதல் 2009 வரை பார்த்தபோது, அவற்றின் சொத்தில் 89 வீதம் கடனால் ஆனது என்று கண்டார்கள். வங்கிக்கு நமது வைப்புப் பணமும் கடன்தானே! பெரும்பாலான அளவுகோல்களில் கடன் கூடும்போது இலாபத்தன்மை குறைந்தது. சொந்த மூலதனத்துக்குக் கிடைக்கும் வருமானம் என்ற அளவுகோலில் மட்டும் கடன் அழகாகத் தெரிந்தது.

நமது கடைகளிலும் அந்த அழகுதான் ஆளை ஏமாற்றுகிறது. ஒரு இலட்சம் சொந்தப் பணம், ஒன்பது இலட்சம் கடன் சரக்கு. விற்பனை நன்றாக இருந்தால் ஒரு இலட்சத்துக்கு வரும் இலாபம் பெரிதாகத் தெரியும். சரக்கு விலை பத்து வீதம் விழுந்தால் அந்த ஒரு இலட்சமும் போய்விடும். திகதி போட்டுக் கொடுத்த காசோலைகள் மட்டும் மிஞ்சும். வங்கியின் பின்னால் மத்திய வங்கி நிற்கிறது. நமது கடையின் பின்னால் யார் நிற்கிறார்?

கடைக்கு வரவேண்டிய அறிவு

இந்த ஆய்வுகள் யாவும் ஆங்கில இதழ்களில் இருக்கின்றன. மாணவர் படிக்கிறார், பரீட்சை எழுதுகிறார், பட்டம் பெறுகிறார். பல்கலைக்கழக மதிலுக்கு வெளியே கடை வைத்திருப்பவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நமது மக்களின் பழக்கத்தை அளந்து கண்ட அறிவு நமது மக்களிடம் திரும்பி வரவில்லை என்றால் நட்டம் இரு பக்கத்துக்கும்தான். வர்த்தக சங்கங்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது இத்தகைய பேராசிரியர்களை அழைத்துத் தமிழில் பேசவைக்கலாம். செலவும் அதிகமில்லை.

அதுவரை ஒரு சிறு பழக்கம் போதும். அடுத்த முறை "வாங்கின விலை வரட்டும்" என்று வாய் வரை வரும்போது, ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து ஒரே கேள்வியை எழுதுங்கள்: இந்தச் சரக்கு இன்று என்னிடம் இல்லை, கையில் காசுதான் இருக்கிறது என்றால், இன்றைய விலைக்கு இதை வாங்குவேனா? ஆம் என்றால் வைத்திருங்கள். இல்லை என்றால், நங்கூரத்தைத் தூக்குங்கள்.