இணைய மேற்கோளும் பதிப்பெண்ணும்: ‘ஸ்ரீ’ காட்டும் சான்று

பழம்பாடலை எடுத்தாளுங்கால் பதிப்பாசிரியர் பெயரும் பதிப்பாண்டும் குறித்தல் ஆய்வு மரபு. கணிப்பொறியின் துணைகொண்டு ஆய்வு நிகழ்த்துவோருட் சிலர், மென்பொருள் விளக்கங்களை இணைய முகவரியாற் சுட்டுமிடத்து இம்மரபைக் கைவிடுகின்றனர். அதனால் விளையும் இடரை ஒரு வரிவடிவங்கொண்டு ஈண்டு விளக்குவாம்.

சங்கரன்கோவில் ஆடித்தபசு அழைப்பிதழ்களின் வாசகங்களைக் கணிப்பொறியில் தொகுத்த மாணவர் ஒருவர், ‘ஸ்ரீ சங்கரநாராயணர்’ என்னும் பெயரைத் தேடினார். கண்ணெதிரே தோன்றும் பெயர் பலவிடத்தும் தேடலில் அகப்பட்டிலது. வடிவத்திற் குறையில்லை, ஆயின் கணிப்பொறி ஒப்புநோக்குவது வடிவத்தையன்று, அதன் பின் நிற்கும் குறியெண்களையே. ஒருங்குறித் தரத்தில் ‘ஶ’ என்னும் கிரந்த எழுத்து, 2005ஆம் ஆண்டு வெளிவந்த 4.1ஆம் பதிப்பிலேதான் இடம்பெற்றது. அதற்கு முன்னர் ஸகர மெய்யோடு ‘ரீ’ சேர்த்தே இவ்வடிவம் பெறப்பட்டது. பின்னர் ஶகர மெய்யோடு சேர்த்தலே தக்கதாயிற்று. எழுத்துருக்கள் பலவும் இரண்டனையும் ஒரே வடிவாகக் காட்டுதலின் வேறுபாடு கண்ணுக்குப் புலனாவதில்லை. ஏட்டுச்சுவடிகளில் எகர ஏகாரங்கள் ஒரு வடிவில் நின்று பதிப்பாசிரியரை மயக்கின. அங்கே ஒரு வடிவிற்கு ஒலி இரண்டு, இங்கே குறியீடு இரண்டு.

மாணவர் சான்றாகக் காட்டிய பக்கமோ, ஸகர முறை ஒன்றையே கூறுவது. எழுதியவர் பெயரும் நாளும் அற்றது. அது கூறுவது பொய்யன்று, 2005க்கு முற்பட்ட நிலைக்கு முற்றும் பொருந்தும். எக்காலத்து நிலை என்பது விளங்காமையே அதன் குற்றம். ஆகலின் விதியை வகுத்த ஒருங்குறிக் கூட்டமைப்பின் வெளியீட்டையே சுட்டுதல் வேண்டும். அதனுள்ளும் ஒரு வேறுபாடு உண்டு. ‘அண்மைப் பதிப்பு’ என்னும் பொது முகவரியின் உள்ளடக்கம் புதுப்பதிப்பு வருந்தோறும் மாறும். பதிப்பெண் தாங்கிய முகவரியோ அவ்வப் பதிப்பிற்கே உரியது. ஆய்வேட்டிற்கு ஏற்றது பின்னதே.

இருவகைக் குறியீடும் வழக்கில் மிகுந்துள்ளமையின் இரண்டனையும் நிகராகக் கொள்ளுமாறு அத்தரமே பரிந்துரைக்கின்றது. எனினும் ஒரு குறிப்பிட்ட தேடுமென்பொருள் அவ்வாறு கொள்கின்றதா என்பதற்குத் தரநூல் சான்றாகாது; அம்மென்பொருளை ஆக்கியோர் தந்த விளக்கத்தையே, அதன் பதிப்பெண்ணோடு, காட்டல் வேண்டும். மாணவர் பின்னர் இருவகையாகவும் தேடி விடுபட்டவற்றைச் சேர்த்துக்கொண்டார். ஸகர முறையில் அமைந்தவை யாவும் 2005க்கு முன் எழுதப்பட்டவை என அவர் முதலிற் கருதியது மட்டும் பொருந்தாது. பழைய முறை இன்றும் வழங்குகின்றது.