பள்ளியின் கணக்கைக் கேட்க அம்மாவுக்கு உரிமை உண்டு

மேளம் முன்னே போக, தாம்பாளத் தட்டுகளோடு பெண்கள் பின்னே வர, ஊரே திரண்டு அரசுப் பள்ளிக்குச் சீர் கொண்டு போவதைத் தமிழ்நாட்டில் பல இடங்களில் பார்க்கலாம். தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் இருக்கும். கூடவே நோட்டு, பென்சில் டப்பா, பரீட்சை அட்டை, உலக உருண்டை. பின்னால் வரும் சின்ன லாரியில் பீரோவும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் மின்விசிறிகளும். பள்ளி வாசலில் ஆசிரியர்கள் சந்தனம் கொடுத்து வரவேற்பார்கள். கல்விச் சீர் என்பது இதற்குப் பெயர். வீட்டு விசேஷத்துக்குச் செய்யும் முறையைப் பள்ளிக்கூடத்துக்குச் செய்கிற இந்த வழக்கம் மனத்தை நிறைக்கிறது.

இதன் வேர் பழையது. காமராஜர் முதல்வராக இருந்தபோது பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார். 1958-இல் கடம்பத்தூரில் ஆரம்பித்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன தேவை என்று பட்டியல் போடுவார்கள். கூரையோ பெஞ்சோ கரும்பலகையோ, ஊரார் ஆளுக்கொன்றாக ஏற்றுக்கொள்வார்கள். அதற்கு முன்பே மதிய உணவுச் செலவிலும் ஊர் மக்கள் ஒரு பங்கைச் சுமந்திருந்தார்கள். அரசிடம் பணம் குறைவாக இருந்த அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகள் நின்றது இந்தக் கைகளால்தான்.

ஆனால் கொடுப்பதோடு ஊரின் பங்கு முடிந்துவிடுகிறதா? மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர், அந்த அறையில் ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்கலாமா? கேட்கலாம் என்று சட்டமே சொல்கிறது. இது பலருக்கு இன்னும் தெரியவில்லை.

2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு, ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள்; மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தர வேண்டும். பள்ளி நடப்பைக் கண்காணிப்பது, வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது ஆகியவை குழுவின் வேலை. அரசு உதவி பெறும் பள்ளிகளில் மட்டும் இந்தக் குழு ஆலோசனை சொல்லும் அமைப்பு.

சட்டம் வந்தும் பல ஆண்டுகள் இந்தக் குழுக்கள் பெரும்பாலும் ஏட்டளவில்தான் கிடந்தன. 2022 மார்ச்சில் 'நம் பள்ளி நம் பெருமை' என்ற இயக்கத்தோடு தமிழக அரசு பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்துக் குழுக்களை மறுபடி அமைத்தது. 20 உறுப்பினர்களில் 15 பேர் பெற்றோர். பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாயே தலைவி. 2024-இல் குழுவைப் பெரிதாக்கி முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அதே ஊரில் படித்து, இன்று நாலு அலுவலகம் ஏறி இறங்கத் தெரிந்தவர்கள் அவர்கள். இது நல்ல முடிவு.

குழுவின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் மேம்பாட்டுத் திட்டம்தான். எத்தனை பிள்ளைகள் சேருவார்கள், எத்தனை ஆசிரியர்கள் குறைகிறார்கள், என்னென்ன கட்ட வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று மூன்றாண்டுக்கு எழுதித் தர வேண்டிய ஆவணம் அது. அரசு தரும் நிதிக்கு அதுவே அடிப்படை என்று சட்டத்தின் 22-வது பிரிவு கூறுகிறது.

எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'கழிப்பறை வசதி தேவை' என்று ஒரு வரி எழுதினால் அது கோப்போடு கோப்பாகப் போய்விடும். உதாரணத்துக்கு, 'ஆறு முதல் எட்டு வரை 41 மாணவிகள், இரண்டு கழிப்பறை, ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை, மதியத்துக்கு மேல் குழாயில் தண்ணீர் வருவதில்லை' என்று எழுதிப் பாருங்கள். தாழ்ப்பாளைப் பள்ளி மானியத்திலேயே போட்டுவிடலாம். தண்ணீருக்கு ஊராட்சித் தலைவரிடம் போக வேண்டும். புதுக் கழிப்பறைக்கு ஒன்றிய அலுவலகம். யார் எதைச் செய்ய வேண்டும் என்பது அந்த நான்கு வரியிலேயே பிரிந்துவிடுகிறது. இப்படி எழுதப் பெரிய படிப்பு வேண்டாம். பள்ளிக்குள் ஒரு சுற்று நடந்துவந்தால் போதும்.

பணக் கணக்கும் அப்படித்தான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி, 30 பேருக்கு மேல் 100 பேர் வரை படிக்கும் பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். 250 பேர் வரை 50,000. இதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். 'இந்த வருஷம் எவ்வளவு வந்தது சார், எதுக்குச் செலவாச்சு?' என்று ஒரு தாய் கேட்டால் அது குறுக்கீடு ஆகாது. சட்டம் அவருக்குக் கொடுத்த வேலையைத்தான் அவர் செய்கிறார்.

2022-இல் இன்னொரு பொறுப்பும் வந்தது. காலியிடங்களில் தற்காலிக ஆசிரியர்களை மேலாண்மைக் குழு மூலம் நியமிக்க அரசு அனுமதித்தது. அப்போது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய். ஊர்க்காரர்கள் பள்ளியைத் தங்களுடையது என்று நினைக்க இது உதவும்தான். ஆனால் நிரந்தர நியமனம் செய்ய வேண்டியது அரசு. அந்தக் கடமையைக் குறைந்த சம்பளத்தில் ஊரின் தலையில் இறக்கிவைப்பதை நான் ஏற்கவில்லை.

2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் நிறுவனங்களையும் வெளிநாடுவாழ் தமிழர்களையும் அரசுப் பள்ளிகளோடு இணைக்கிறது. விரும்பிய பள்ளிக்கு விரும்பிய வேலைக்குப் பணம் தரலாம். வரவேற்க வேண்டியதே. எனினும் சுவரில் சாயம் பூசுவதா, ஆய்வகத்துக்கு மேசை வாங்குவதா என்பதை நன்கொடையாளர் முடிவு செய்யக் கூடாது. மேலாண்மைக் குழு முடிவு செய்ய வேண்டும்.

இவ்வளவு உரிமை இருந்தும் கூட்டத்துக்கு ஏன் ஆள் வருவதில்லை? பல மாதக் கூட்டங்கள் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நடக்கின்றன. அந்த நேரத்தில் அம்மா நூறுநாள் வேலையிலோ பனியன் கம்பெனியிலோ களையெடுப்பிலோ இருப்பார். கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. 'பெற்றோருக்கு அக்கறை இல்லை' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கூலியை விட்டுவிட்டு வா என்று சொல்வதன் கனம் நமக்குத் தெரிவதில்லை. வர முடியாதவர்களிடம் பிள்ளை கையில் தீர்மான நோட்டைக் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்குவதைவிட, மாலை ஆறு மணிக்கோ ஞாயிற்றுக்கிழமையோ கூட்டத்தை வைப்பது மேல். ஆசிரியர்களுக்கு அது கூடுதல் சுமை. அதற்கு ஈடாக விடுப்பு தர வேண்டியது அரசின் பொறுப்பு.

மாலையில் வைத்தால் பெண்கள் வருவார்களா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தெருவில் பாயை விரித்து மாலை ஐந்து முதல் ஏழு வரை பாடம் நடத்த முன்வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால், அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் எந்தத் தேதியில் என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். மேம்பாட்டுத் திட்டத்தை வாங்கிப் படியுங்கள். அதில் உங்கள் பிள்ளையின் வகுப்பறை பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், அந்த வரியை எழுதச் சொல்லுங்கள்.