பழைய மிதிவண்டியில் புதிய கியர்

பழைய ஆடையில் புதுத் துணியை ஒட்டுப்போடுவது பற்றிய நற்செய்தி உவமையை நாம் அறிவோம். மிதிவண்டியிலும் இக்கேள்வி எழுவதுண்டு.

1970களின் பந்தய மிதிவண்டிகளில் கியர் மாற்றும் நெம்புகோல்கள் பெரும்பாலும் சட்டத்தின் சாய்ந்த கீழ்க்குழாயில் இருந்தன. கியர் மாற்ற ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்தாக வேண்டும். 1990இல் ஜப்பானின் ஷிமானோவும், 1992இல் இத்தாலியின் காம்பாக்னோலோவும் பிரேக்கையும் கியரையும் ஒரே பிடியில் இணைத்தன. இதனால் இரு கைகளும் பிடியிலேயே இருக்கும், ஆபத்தும் குறையும்.

இதனைப் பழைய வண்டியில் பொருத்தலாமா? பொருத்தலாம், ஆனால் அளவறிந்து செய்ய வேண்டும். பழைய நெம்புகோலை உராய்வின் உதவியால் எந்த நிலையிலும் நிறுத்தலாம். புதியதோ ஒவ்வொரு சொடுக்கிற்கும் குறிப்பிட்ட அளவே கம்பியை இழுக்கும். ஆகவே பற்சக்கரங்களின் எண்ணிக்கையும் இடைவெளியும், சங்கிலியை நகர்த்தும் கருவியும் அதற்கு இசைந்திருக்க வேண்டும். இன்றேல் சங்கிலி பற்களில் சரியாக அமராது.

அடுத்தது, பின்சக்கரம் பொருந்தும் அகலம். பின்புறம் ஐந்து பற்சக்கரங்கள் கொண்ட வண்டிகளில் இது பெரும்பாலும் 120 மில்லிமீட்டர். ஆறு, ஏழு என்றால் 126. எட்டு முதல் பதினொன்று வரை 130. எஃகுச் சட்டத்தைத் தேர்ந்த தொழிலாளி மெல்ல விரித்துத் தரலாம். அலுமினியச் சட்டத்தை விரித்தலாகாது. அது விரிசல் கண்டு, ஓட்டுபவரின் உயிருக்கே கேடாகலாம்.

புதியதை ஏற்குமுன் பழையதன் இயல்பை அறிவோம். அப்போது ஒட்டும் கிழியாது, ஆடையும் கிழியாது.