பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் மிதிவண்டிப் பயணம்

பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்பது பிரான்சில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் நெடுந்தூர மிதிவண்டிப் பயணம் ஆகும். பாரிஸ் பகுதியில் தொடங்கி, மேற்குக் கடற்கரை நகரமான பிரெஸ்ட் சென்று திரும்பும் இதன் தொலைவு ஏறத்தாழ 1,200 கி.மீ. இது 1891ஆம் ஆண்டு பந்தயமாகத் தொடங்கியது. ஷார்ல் தெரோன் அதில் வென்றார். இன்று இது பந்தயம் அன்று, பரிசுத்தொகையும் இல்லை.

இவ்வழியில் உயர்ந்த மலைத்தொடர்கள் இல்லை. எனினும் அடுத்தடுத்து வரும் குன்றுகளில் ஏறும் உயரங்களைக் கூட்டினால் 10,000 மீட்டரைத் தாண்டும். இது எவரெஸ்டின் உயரத்தைவிட அதிகம்.

பயணத்தை முடிக்க அதிகபட்சம் 90 மணி நேரம் அளிக்கப்படுகிறது. உணவு, உறக்கம், வண்டிப் பழுது அனைத்தும் இதில் அடங்கும். இவற்றிற்கு 25 மணி நேரம் செலவிடுபவர், எஞ்சிய 65 மணி நேரத்தில் மணிக்குச் சராசரியாக 18 கி.மீ.க்கு மேல் ஓட்ட வேண்டும். விரைந்து ஏறி விரைவில் களைப்பவரைவிட, சீராக மிதிப்பவருக்கே உறங்க நேரம் மிஞ்சும். உறக்கத்தைக் குறைத்தால் இரவு இறக்கங்களில் கண்ணயர்ந்து விழும் ஆபத்து உண்டு.

பங்கேற்க விரும்புவோர் அதே ஆண்டில் 200, 300, 400, 600 கி.மீ. தகுதிப் பயணங்களை முறையே 13½, 20, 27, 40 மணி நேரத்திற்குள் முடித்திருக்க வேண்டும். தம் உடலுக்கு எவ்வளவு உணவும் ஓய்வும் தேவை என்பதை அவர்கள் இப்பயணங்களிலேயே அறிந்துகொள்கின்றனர்.

வழியிலுள்ள சோதனை நிலையங்களில் பயண அட்டையில் முத்திரை பெறுவது கட்டாயம். இரவில் விளக்கும் ஒளி எதிரொளிக்கும் மேலாடையும் தேவை. சிற்றூர் மக்கள் பலர் சாலையோரம் மேசையிட்டு, பயணிகளுக்குக் குடிநீரும் காப்பியும் வழங்குவது வழக்கம்.