கடை வாசலில் "பீப்... பீப்..." சத்தமா? உடனே திருட்டுப் பட்டம் கட்டாதீங்க!

சென்னை,-

ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்று வந்துவிட்டால் தி.நகர் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் கால் வைக்க இடம் இருக்காது.

ஒரு மணி நேரம் கியூவில் நின்று, பில் போட்டு, பணம் கட்டி, கவரை வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போதுதான் அந்தச் சத்தம் வரும். "பீப்... பீப்... பீப்..."

அவ்வளவுதான். செக்யூரிட்டி கை நீட்டி மறிப்பார். முன்னால் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். பின்னால் வருகிறவர் ஒதுங்கி நிற்பார். "அக்கா, பையைக் கொஞ்சம் காட்டுங்க" என்று அவர் மரியாதையாகக் கேட்டாலும், காசு கொடுத்து வாங்கிய பெண் ஊரே பார்க்க கூனிக் குறுகித்தான் போவார்.

பையைக் கொட்டிப் பார்த்தால் விஷயம் சப்பென்று இருக்கும். சுடிதார் ஓரத்தில் பிளாஸ்டிக் டேக் அப்படியே தொங்கும். கவுண்டரில் இருந்தவர் அவசரத்தில் கழற்ற மறந்திருப்பார். தப்பு கடையுடையது, தலைகுனிவு வாடிக்கையாளருக்கு!

டேக் என்ன செய்கிறது?

இந்த கேட்டுக்கு 60 வயசு ஆகப் போகிறது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் உள்ள அக்ரான் நகரில், 1960-களில் சூப்பர் மார்க்கெட் மேனேஜராக இருந்தவர் ரொனால்ட் அசாப். ஒயின் பாட்டில்களோடு ஓடிய ஆசாமியைத் துரத்திப் பிடிக்க முடியாத கடுப்பில் யோசித்த அவர், பின்னாளில் சென்சார்மேட்டிக் என்ற கம்பெனியையே தொடங்கிவிட்டார்.

நம்ம ஊர் கடைகளில் இருப்பது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று ஆர்.எப்., இன்னொன்று ஏ.எம்.

ஆர்.எப். ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தால் உள்ளே கோலம் போல சுற்றிச் சுற்றிப் போகும் உலோகக் கோடு தெரியும். இது 8.2 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு மட்டும் அசையும். கவுண்டரில் உள்ள பேடு மீது தேய்த்ததும் ஸ்டிக்கரின் உள்பகுதி பொசுங்கி செயல் இழந்துவிடும்.

ஏ.எம். டேக் கொஞ்சம் தடிமன். உள்ளே மெல்லிய உலோகத் தகடும், பக்கத்தில் சின்ன காந்தத் தகடும் இருக்கும். வாசல் கேட் வினாடிக்கு 50 முதல் 90 தடவை 58 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை விட்டு விட்டு அனுப்பும். கோயில் மணியை அடித்து நிறுத்திய பிறகும் ரீங்காரம் இருக்கும் இல்லையா? அதே மாதிரி சிக்னல் நின்ற பிறகும் தகடு துடிக்கும். அந்த ரீங்காரத்தைக் கேட்டால் அலாரம். காந்தத் தகட்டின் சக்தியை பேடு எடுத்துவிட்டால் தகடு ஊமை.

துணியில் தொங்கும் கெட்டி டேக்கில் பின்னைச் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள் கவ்விப் பிடித்திருக்கும். கவுண்டர் காந்தத்தில் வைத்தால் பிடி தளர்ந்து பின் கையோடு வரும். இந்தக் காந்தத்தை மேஜை மேல் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவது, பீரோ சாவியை வாசலில் தொங்கவிடுவது போலத்தான். திருடன் கைக்கு முதலில் வேண்டியதே அதுதான்.

திருடாமலே ஏன் அடிக்கிறது?

கவுண்டர் மறதி ஒரு காரணம். இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. ஷூ, பெல்ட், அழகு சாதனம் போன்ற சிலவற்றில் பேக்டரியிலேயே ஸ்டிக்கரை மறைத்து வைத்து அனுப்புகிறார்கள். கேட் இல்லாத கடையில் அதை வாங்கினால் யாரும் செயலிழக்கச் செய்ய மாட்டார்கள். அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு வேறு கடைக்குப் போனால் உள்ளே நுழையும்போதே "பீப்" அடிக்கும். செயலிழந்த ஸ்டிக்கர் மறுபடி உயிர் பெறுவதும் உண்டு. ஏ.எம். டேக் வலுவான காந்தத்தின் அருகில் போனால் போதும்.

அடுத்து, இடப் பஞ்சம். தள்ளுபடி நாளில் வாசல் வரைக்கும் ஸ்டாண்டு போட்டு நைட்டியும் சட்டையுமாக மாட்டிவிடுவார்கள். அதில் உள்ள டேக் எல்லாம் கேட்டின் எல்லைக்குள் வந்தால் அலாரம் ஓயாது. டேக் மாட்டிய சரக்கை கேட்டில் இருந்து ஐந்து அடியாவது தள்ளி வைப்பது நல்லது.

மின்சாரமும் ஒரு வில்லன். வாசல் மேலே புதுசாகப் போட்ட எல்.இ.டி. போர்டு, மலிவான அடாப்டர், மோட்டார் ஆகியவை கிளப்பும் மின் இரைச்சலில் ஏ.எம். கேட்டின் காது அடைத்துப் போகும். அலாரம் தானாக அடிக்கும், அல்லது அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஏ.எம். கேட் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் துடிப்போடு தாளம் சேர்த்துத்தான் சிக்னல் விடும். இடைவெளியில் காது கொடுக்கும். பக்கத்துக் கடையிலும் அதே வகை கேட் இருந்து தாளம் ஒத்துப் போகாவிட்டால், அந்தக் கடை விடும் சிக்னல் இந்தக் கடையின் காதில் விழும். சுவரோடு சுவர் ஒட்டிய நம்ம கடைத்தெருவில் இது சகஜம். எலக்ட்ரீசியன் பேஸ் மாற்றிக் கொடுத்த மறுநாள் கேட் மக்கர் செய்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த வேலையைத்தான். சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு தாளத்தைச் சரி செய்யச் சொல்ல வேண்டும். ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு நாமே நோண்டக் கூடாது.

ஊமையாகிவிட்ட கேட்

சும்மா சும்மா அடித்தால் என்ன ஆகும்? முதல் நாள் செக்யூரிட்டி ஓடி வருவார். மூணாவது நாள் உட்கார்ந்த இடத்தில் இருந்தே "போங்க, போங்க" என்று கையைக் காட்டுவார். அடுத்த வாரம் யாராவது சவுண்டைக் குறைத்துவிடுவார்கள். கூட்ட நேரத்தில் பிளக்கையே பிடுங்கிவிடுவதும் நடக்கிறது.

கேட் அங்கேயே நிற்கும், விளக்கும் எரியும். கைவரிசை காட்ட வந்த ஆசாமிக்கு இதைக் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகாது. மாசக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போதுதான் முதலாளிக்கு விவரம் தெரியும். காணாமல் போன பொருளுக்கு, செக்‌ஷனில் நாள் முழுக்க நிற்கும் விற்பனைப் பெண்ணின் சம்பளத்தில் கை வைக்கும் கடைகளும் உண்டு. கேட்டை யார் அணைத்தது என்று அங்கே யாரும் கேட்பது இல்லை.

இத்தனைக்கும் பராமரிப்பு பெரிய செலவு இல்லை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ஒரு டேக்கை கையில் வைத்துக்கொண்டு கேட் நடுவே நடக்க வேண்டும். கணுக்கால் உயரத்தில் ஒரு தடவை, இடுப்பில் ஒரு தடவை, தோளில் ஒரு தடவை. டேக்கை நிமிர்த்தியும் படுக்க வைத்தும் பார்க்க வேண்டும். எல்லாத் தடவையும் அடித்தால் கேட் நலம்.

பேடுக்கும் சோதனை உண்டு. ஒரு ஸ்டிக்கரைத் தேய்த்துவிட்டு வாசலைத் தாண்ட வேண்டும். அடித்தால் பேடு பழுது. அன்றைக்கு வரும் வாடிக்கையாளர் எல்லாம் அவமானப்படப் போகிறார்கள் என்று அர்த்தம்.

தரை கழுவும்போது வாளித் தண்ணீரை கேட் அடியில் ஊற்றக் கூடாது. ஒயர் இணைப்பு அங்கேதான் இருக்கிறது. மிதியடிக்கு அடியில் ஒயர் நசுங்கி இருக்கிறதா, தள்ளுவண்டி இடித்து கேட் ஆடுகிறதா என்றும் ஒரு பார்வை பார்க்கலாம். ஆர்.எப். கேட்டை அகலமாக்குகிறேன் என்று தள்ளி வைத்தால் நடுவில் பிடிக்காமல் போகும்.

கவுண்டரில் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். எல்லாச் சுடிதாரிலும் டேக் ஒரே இடத்தில் இருந்தால் தேட வேண்டாம். ஆறு உருப்படிக்கு பில் போட்டால் டப்பாவில் ஆறு டேக் விழ வேண்டும். ஐந்துதான் விழுந்தது என்றால் கவரைக் கட்டக் கூடாது.

அடித்தால் என்ன செய்வது?

வாடிக்கையாளர் ஓடவும் வேண்டாம், சண்டை போடவும் வேண்டாம். பில்லைக் கையில் எடுத்துக் காட்டினால் போதும். ஊழியரும் "டேக் எடுக்க மறந்துட்டாங்க போல, ஒரு நிமிஷம் வாங்க" என்று கேட்டில் இருந்து தள்ளி கூட்டிப்போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு பொருளாக கேட் அருகே கொண்டுபோனால் எது அடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

அலாரம் அடித்தது திருட்டுக்கு ஆதாரம் ஆகாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கு 303-வது பிரிவு இருக்கிறது. அதே சட்டத்தில் ஒருவரை முறையில்லாமல் தடுத்து நிறுத்த 126-வது பிரிவும், அடைத்து வைக்க 127-வது பிரிவும் இருக்கின்றன. "ரூமுக்கு வாங்க" என்று சந்தேகத்தின் பேரில் கதவைச் சாத்துகிற கடைக்காரர் இதை நினைவில் வைப்பது நல்லது. பெண்ணைச் சோதனையிட பெண்தான் வேண்டும் என்பது போலீசுக்கே உள்ள விதி.

இன்னொரு விஷயம், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு. இந்த கேட் அவர்களின் கருவியைக் குழப்ப வாய்ப்பு உண்டு என்று 1998-ம் ஆண்டிலேயே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. இயல்பாக நடந்து கடந்தால் பிரச்சினை இல்லை. கேட் மீது சாய்வதும், பக்கத்திலேயே நின்று பேசுவதும்தான் ஆபத்து. டேக் கழற்றும் காந்தத்தையும் அவர்கள் நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டு போகக் கூடாது.

வீட்டுப் பெண்கள் துணி எடுக்கும் வரை பெரியவர்கள் உட்காரட்டும் என்று பல கடைகளில் வாசலிலேயே பிளாஸ்டிக் நாற்காலி போடுகிறார்கள். அதை கேட்டை ஒட்டிப் போட்டிருந்தால், இன்றைக்கே நாலு அடி தள்ளிப் போடலாம்.