சைவம்தான் சாப்பிடுகிறோம், நடக்கவும் செய்கிறோம். எடை ஏன் குறையவில்லை?

காலையில் ஒரு மணி நேரம் பூங்காவைச் சுற்றி வருகிறார்கள். வீட்டில் கறி, மீன் கிடையாது. ஆனாலும் வருடத்துக்கு வருடம் இடுப்புச் சுற்றளவு கூடிக்கொண்டே போகிறது. தமிழ்நாட்டில் நாற்பதைத் தாண்டிய பலரின் ஆற்றாமை இது. அவர்கள் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாடு செய்ய வேண்டிய வேலையை நடையின் தலையில் கட்டுவதுதான் சிக்கல்.

நடையின் கணக்கைப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரத்தில் 5 கிலோமீட்டர் நடந்தால் சுமார் 250 கலோரி செலவாகும். அதில் 70 கலோரி, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும். மிஞ்சுவது 180. பூங்கா வாசலில் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் சாப்பிட்டால் அந்த 180-ம் போயிற்று. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. நடந்து மட்டுமே அதைக் கரைக்க ஆறு வாரம் ஆகும், அதுவும் நடந்ததால் பசி கூடாமல் இருந்தால்.

போதாக்குறைக்கு உடல் தன் செலவைத் தானே இழுத்துப் பிடிக்கிறது. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களின் அன்றாட ஆற்றல் செலவை ஆய்வாளர் ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் அளந்து 2012-ல் வெளியிட்டார்கள். நாள் முழுக்க நடக்கும் அவர்கள் செலவழிக்கும் கலோரி, உடல் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால், நாற்காலியில் வேலை பார்க்கும் மேலை நாட்டினருடையதைவிடப் பெரிதாக அதிகமில்லை.

எனவே எடையைக் குறைக்கும் வேலை தட்டில்தான் தொடங்க வேண்டும். இதை மிகக் கவனமாகச் சோதித்தவர் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் அப்போது பணியாற்றிய கெவின் ஹால். மேரிலாந்து மாநிலம் பெதெஸ்டாவில் உள்ள ஆய்வு மருத்துவமனையில் 20 பேரை நான்கு வாரம் தங்கவைத்தார். இரண்டு வாரம் கொழுப்பு மிகக் குறைந்த தாவர உணவு. இரண்டு வாரம் இறைச்சியும் முட்டையும் பாலும் கொண்ட, மாவுச்சத்து மிகக் குறைந்த கீட்டோ உணவு. வேண்டிய அளவு சாப்பிடலாம், கட்டுப்பாடு கிடையாது. தட்டில் மிஞ்சியது அளக்கப்பட்டது. தாவர உணவு உண்ட நாட்களில் அவர்கள் கீட்டோ நாட்களைவிட நாளொன்றுக்குச் சராசரியாக 689 கலோரி குறைவாகச் சாப்பிட்டிருந்தார்கள். பசி, வயிறு நிறைந்த உணர்வு, சாப்பாட்டில் கிடைத்த திருப்தி இவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று அவர்களே சொன்னார்கள். கீட்டோவில் எடை வேகமாக இறங்கியது. ஆனால் உடல் கொழுப்பு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது தாவர உணவில்தான். 2021-ல் வெளியான ஆய்வு இது.

அந்தத் தாவர உணவின் கலோரியில் 75 விழுக்காடு மாவுச்சத்து. நம் தட்டிலும் மாவுச்சத்துதானே அதிகம்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நடத்திய நாடளாவிய ஆய்வு, நம் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது. வேறுபாடு அந்த மாவுச்சத்து எதோடு வருகிறது என்பதில் இருக்கிறது. பெதெஸ்டாவில் அது காய், கிழங்கு, பருப்பு வகைகளின் நாரோடும் நீரோடும் வந்தது, எண்ணெய் சொற்பம். நம்மிடம் அது தீட்டிய வெள்ளை அரிசியாக, மைதாவாக, சர்க்கரையாக வருகிறது. பூரி, வடை, அப்பளம், நெய் மைசூர்பாகு எல்லாமே சைவம்தான். வயிறு சாப்பாட்டின் எடையை அறியும், கலோரியை எண்ணாது.

ஒரு சுரைக்காயை எடுத்துக்கொள்வோம். 100 கிராமில் சுமார் 15 கலோரிதான். அதைப் பொரியலாக வதக்க ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120. அதே சுரைக்காயைப் பாசிப்பருப்போடு வேகவைத்து, சீரகமும் கொஞ்சம் தேங்காயும் அரைத்துவிட்டு, ஒரு சிறு கரண்டி எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்தால் கூட்டு ஆகிவிடும். எண்ணெய்க் கலோரி மூன்றில் ஒன்று. இப்போது பரிமாறும் வரிசையை மாற்றுங்கள். கூட்டும் கீரையும் தட்டில் பாதியை நிரப்பட்டும், சோறு அதற்குப் பிறகு வரட்டும். வழக்கமாக நாம் சோற்றை மலையாகக் குவித்துவிட்டு ஓரத்தில் ஒரு கரண்டி காய் வைக்கிறோம்.

சாமை, வரகு பற்றி ஒரு வார்த்தை. நார்ச்சத்து கூடுதல், நல்லதுதான். ஆனால் சமைக்காத 100 கிராமில் அரிசியைப் போலவே ஏறத்தாழ 350 கலோரி இருக்கிறது. அளவைக் குறைக்காமல் அரிசியை மட்டும் மாற்றினால் எடையில் பெரிய மாற்றம் வராது.

சோறு குறைந்த இடத்தில் புரதம் வர வேண்டும். இல்லையென்றால் கொழுப்போடு தசையும் கரையும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் தேவை. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 14 கிராம் தரும். நவராத்திரி ஒன்பது நாளோடு நிறுத்த வேண்டிய பண்டம் அல்ல அது.

அப்படியானால் உடற்பயிற்சி எதற்கு? குறைந்த எடை திரும்பாமல் இருக்க. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்து ஹால் குழுவினர் மறுபடி அளந்தார்கள். போட்டிக் காலத்தில் யார் அதிகம் குறைத்தார்கள் என்பதைத் தீர்மானித்தது உணவு. ஆறு ஆண்டுக்குப் பிறகு யார் அதைத் தக்கவைத்தார்கள் என்பதைத் தீர்மானித்தது உடலுழைப்பு. பெரும்பாலோருக்கு எடை திரும்பிவிட்டது என்பதையும் மறைக்கக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி. அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வலு தரும் பயிற்சி. நடப்பவர்கள் பலர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார்வது, சுவரில் கையூன்றித் தள்ளுவது என்று வீட்டிலேயே தொடங்கலாம்.

எடை இயந்திரத்தோடு அளவுநாடாவும் வேண்டும். நம்மவர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் 23-லேயே அதிக எடை தொடங்குகிறது. ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்பது இடுப்பளவின் எல்லை. வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். முதல் வாரத்தில் மளமளவென்று இறங்குவதில் பெரும்பங்கு நீர்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மருந்தின் அளவை முதலில் மருத்துவரிடம் சரிசெய்துகொள்ள வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீரை, பருப்பைக் கூட்டுவதற்கு முன் கேட்க வேண்டும். பால், தயிரையும் விட்டுவிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 எந்தக் காய்கனியிலிருந்தும் கிடைக்காது. அதை மாத்திரையாகவோ பி12 செறிவூட்டிய உணவாகவோ எடுத்தாக வேண்டும்.