பிணையச் சேமிப்பகத்தில் தரவுத்தளம்

பல கணினிகள் ஒரே கோப்பகத்தைத் தத்தம் சொந்த டிஸ்கில் இருப்பது போலவே திறந்து படிக்கவும் எழுதவும் வழிசெய்யும் என்எஃப்எஸ் என்னும் முறையை 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கியது. ஆவணங்கள், நிரல்கள், படங்கள் ஆகியவற்றுக்கு நாற்பது ஆண்டுகளாகக் குறைவின்றி உழைத்துவரும் இந்த ஏற்பாட்டில் ஒரு தரவுத்தளத்தையும் வைத்துவிட்டால் இடப் பற்றாக்குறை தீரும், காப்புநகல் எடுப்பது ஓரிடத்தில் முடியும், ஒரு கணினி பழுதானால் இன்னொன்று உடனே பொறுப்பேற்கும் என்ற எண்ணம் நிர்வாகிகளுக்கு எழுவது இயல்பே. இதற்கு எதிராகப் பெரும்பாலும் முன்வைக்கப்படுவது வேகக் குறைவு என்னும் காரணம். ஆனால் வேகத்தைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். மெய்யான சிக்கல், தரவுத்தளம் தன் இயங்குதளத்திடம் கேட்கும் சில உறுதிமொழிகளைப் பிணையம் வழியாக அதே பொருளில் காப்பாற்ற முடியுமா என்பதில்தான் இருக்கிறது.

அந்த உறுதிமொழிகள் எவை என்பதை எஸ்கியூலைட் மிகத் தெளிவாகக் காட்டும். 2000-இல் ரிச்சர்ட் ஹிப் உருவாக்கிய இந்தத் தரவுத்தளத்துக்குத் தனிச் சர்வர் கிடையாது. முழுத் தரவும் ஒரே கோப்பில் இருக்க, அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நிரலும் தானே கோப்பைத் திறந்து எழுதுகிறது. ஒரு மாற்றத்தைச் செய்யுமுன், மாறப்போகும் பக்கங்களின் பழைய உள்ளடக்கம் 'ஜர்னல்' எனப்படும் துணைக் கோப்பில் நகலெடுக்கப்பட்டு, அது டிஸ்கில் உண்மையாகவே பதிந்துவிட்டதா என்பதை 'எஃப்சிங்க்' என்னும் அழைப்பால் உறுதிசெய்த பிறகே மூலக் கோப்பில் கைவைக்கப்படுகிறது. மூலக் கோப்பும் பதிந்து முடிந்ததும் ஜர்னல் அழிக்கப்படும். அந்த அழிப்பே மாற்றம் நிலைபெற்றதற்கான கணம். நடுவில் மின்சாரம் போனால் ஜர்னல் எஞ்சியிருக்கும், அடுத்து வரும் நிரல் அதைக் கண்டு பழைய பக்கங்களை மீட்டுவைக்கும்.

எஞ்சியிருக்கும் ஜர்னல் இறந்துபோன நிரலுடையதா, இந்தக் கணத்தில் எழுதிக்கொண்டிருக்கும் நிரலுடையதா என்பதை வந்தவர் எப்படி அறிவார்? கோப்பின் மேல் போடப்பட்டிருக்கும் பூட்டைக் கொண்டுதான். எஸ்கியூலைட் தன் பூட்டுகளை ஒரு ஜிபி எல்லையில், அதாவது 1,07,37,41,824-ஆம் பைட்டிலிருந்து தொடங்கும் ஒரு சிறு பகுதியில் போடுகிறது. சில நூறு கேபி அளவுள்ள கோப்பில் அப்படியொரு பைட்டே இல்லை என்றாலும், இல்லாத இடத்தின் மேலும் பூட்டுப் போட இயங்குதளம் அனுமதிக்கிறது. எழுத முற்பட்ட நிரல் அங்கே ஒரு முன்பதிவுப் பூட்டை வைத்திருக்கும். பூட்டு இருந்தால் ஜர்னல் உயிருள்ள நிரலுடையது, இல்லாவிட்டால் அநாதை. இந்த ஒரே அடையாளம் பொய்த்துவிட்டால், இரண்டாவதாக வந்த நிரல் முதலாவதின் ஜர்னலை அநாதை எனக் கருதி, அது எழுதிக்கொண்டிருக்கும் பக்கங்களின் மேலேயே பழைய உள்ளடக்கத்தைத் திருப்பி எழுதும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. கோப்பு சிதைந்த செய்தி, பல நாள் கழித்து ஏதோ ஓர் அறிக்கை எடுக்கும்போதுதான் தெரியவரும்.

என்எஃப்எஸ்ஸின் பழைய பதிப்புகளில் சர்வர் எந்த வாடிக்கையாளரையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அது விழுந்து எழுந்தாலும் எதுவும் நடக்காதது போல் வேலை தொடரவேண்டும் என்பதே அந்த வடிவமைப்பின் அழகு. பூட்டு என்பதோ நினைவில் வைத்தே ஆகவேண்டிய செய்தி. ஆகவே அதற்கென ஒரு துணை நெறிமுறை தனியாகச் சேர்க்கப்பட்டது. அதன் செயலாக்கங்கள் பலவற்றில் நெடுங்காலம் பிழைகள் இருந்தன. பூட்டுகளால் தொல்லை வரும்போது லினக்ஸில் 'நோலாக்' என்னும் விருப்பத்தைக் கொடுத்து இணைப்பது ஒரு வழக்கம்; அப்போது பூட்டு அந்தந்தக் கணினிக்குள் மட்டுமே செல்லுபடியாகும், அதாவது இரு கணினிகளும் கோப்பு தமக்கே உரியது என்று ஒரே நேரத்தில் நம்பும். நான்காம் பதிப்பு பூட்டை மூல நெறிமுறைக்குள்ளேயே கொண்டுவந்து, காலக்கெடு உள்ள குத்தகையாக அதை மாற்றியது பெரிய முன்னேற்றம்.

பூட்டு சரியாக இருந்தாலும் பார்வை ஒன்றாக இருக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்பது வீண் என்பதால், லினக்ஸ் ஒரு கோப்பின் அளவு, மாற்ற நேரம் போன்ற விவரங்களை இயல்பாகவே 3 முதல் 60 வினாடி வரை தன்னிடமே வைத்துக்கொள்கிறது. ஆவணத்துக்கு இது போதும். பக்கத்துக் கணினி சற்றுமுன் உருவாக்கிய ஜர்னலை உடனே காணவேண்டிய தரவுத்தளத்துக்கு இது ஆபத்து. மாற்றங்களை முதலில் தனிப் பதிவேட்டில் எழுதும், 2010-இல் எஸ்கியூலைட் 3.7.0 அறிமுகப்படுத்திய 'வால்' முறைக்கோ பல கணினிகளில் இயங்கும் வாய்ப்பே இல்லை; பயனர்கள் அனைவரும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்தாக வேண்டும் என்பதால், வெவ்வேறு கணினிகளிலிருந்து அதைப் பயன்படுத்த இயலாது.

மூன்றாவது உறுதிமொழி, பதிந்தது என்றால் பதிந்ததாகவே இருக்கவேண்டும் என்பது. சர்வரில் 'ஏசிங்க்' என்னும் ஏற்றுமதி விருப்பம் இருந்தால், தரவு அதன் நினைவகத்தை எட்டியதுமே டிஸ்கில் எழுதியாயிற்று என்ற பதில் வந்துவிடும். அந்நேரம் சர்வரின் மின்சாரம் போனால், தரவுத்தளம் ஒப்புக்கொண்ட பரிவர்த்தனை எங்கும் இல்லை. போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளத்தின் ஆவணம் சர்வரில் 'சிங்க்' விருப்பத்தைப் பரிந்துரைப்பதோடு, இணைப்பை 'ஹார்ட்' முறையில் அமைப்பதைக் கட்டாயமாகவே வைக்கிறது. 'சாஃப்ட்' முறையில் சர்வர் சிறிது நேரம் பதிலளிக்காவிட்டால் எழுத்து தோற்றதாகப் பிழை திரும்பும். 'ஹார்ட்' முறையில் நிரல் எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். தொங்கி நிற்பது எரிச்சலூட்டினாலும் பாதி எழுதிய பக்கத்தைவிட அது மேல். எஃப்சிங்க் ஒருமுறை தோற்றபின் மீண்டும் அழைத்தால், தரவு பதியாமலேயே வெற்றி என்ற பதிலை லினக்ஸ் தரக்கூடும் என்பது 2018-இல் போஸ்ட்கிரஸ் உருவாக்குநர்களை அதிரவைத்தது. அதன்பின் முதல் தோல்வியிலேயே தரவுத்தளச் சர்வரை நிறுத்தி, பதிவேட்டிலிருந்து மீட்டெடுக்கும்படி அவர்கள் போஸ்ட்கிரஸை மாற்றினர்.

ஒரு கணினி பழுதானால் இன்னொன்று பொறுப்பேற்கும் என்ற ஆசைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. போஸ்ட்கிரஸ் தன் தரவுக் கோப்பகத்தில் ஒரு கோப்பை வைத்து அதில் தன் செயல்முறை எண்ணைக் குறிக்கிறது. மற்றொரு போஸ்ட்கிரஸ் அங்கே தொடங்கினால், அந்த எண்ணுள்ள செயல்முறை உயிரோடிருக்கிறதா என்று தன் கணினியில்தான் தேடும். வேறு கணினியில் ஓடுவது அதன் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பழையது இறந்துவிட்டது என்று ஊகித்துப் புதியதைத் தொடங்கக் கூடாது. முதலில் பழைய கணினியின் மின்சாரத்தைத் துண்டிக்கவேண்டும், அல்லது சேமிப்பகத்திலிருந்து அதை விலக்கவேண்டும்.

இவ்வளவும் ஒழுங்காக அமைந்தால் பிணையச் சேமிப்பகத்தில் தரவுத்தளம் நன்றாகவே ஓடும். ஆரக்கிள் தன் 11ஜி பதிப்பில் என்எஃப்எஸ் வாடிக்கையாளரைத் தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதிச் சேர்த்துக்கொண்டது. ஆனால் பல கணினிகள் ஒரே எஸ்கியூலைட் கோப்பைத் திறக்கும் ஏற்பாட்டுக்குப் பதிலாக, கோப்பு இருக்கும் கணினியிலேயே ஒரு தரவுத்தளச் சர்வரை நிறுவி, மற்றவை அதனிடம் வினவல்களை அனுப்பச் செய்வதே எளிதும் பாதுகாப்பும் ஆகும். அமேசானின் அரோரா இந்த எண்ணத்தை மேலும் ஒரு படி கொண்டுபோயிற்று: அதில் சேமிப்பகத்துக்குப் பக்கங்கள் அனுப்பப்படுவதே இல்லை, மாற்றக் குறிப்புகள் மட்டுமே செல்கின்றன, மூன்று மண்டலங்களில் வைக்கப்படும் ஆறு நகல்களில் நான்கு அவற்றைப் பெற்றதாக ஒப்புக்கொண்டால்தான் எழுத்து நிறைவேறியதாகக் கொள்ளப்படுகிறது, பக்கங்களைக் கட்டியெழுப்பும் வேலையைச் சேமிப்பகமே பார்த்துக்கொள்கிறது.